காய் போலத் தெரியும் இனிப்பு: தேங்க்ஸ்கிவிங் மேசையில் சர்க்கரைவள்ளிக் கிழங்கு



நவம்பர் மாதத்தின் நான்காம் வியாழக்கிழமை நெருங்குகிறது. அன்றைக்கு வீட்டிலேயே பிரியாணி செய்து கொண்டாடுபவர்கள் நம்மில் உண்டு. அலுவலக நண்பர் வீட்டுக்கோ பக்கத்து வீட்டுக்கோ விருந்துக்குப் போகிறவர்களும் நிறைய உண்டு. அப்படிப் போகும் சைவக்காரர்களின் பாடு கொஞ்சம் திண்டாட்டம்தான். வான்கோழி வேண்டாம். ஸ்டஃபிங்கில் பெரும்பாலும் கோழிச் சாறு சேர்த்திருப்பார்கள். கிரேவியும் அப்படியே. மேசையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தால் மிஞ்சுவது மசித்த உருளைக்கிழங்கு, கிரான்பெர்ரி, பன், அப்புறம் ஆரஞ்சு நிறத்தில் பளபளவென்று ஒரு சர்க்கரைவள்ளிக் கிழங்குக் கேசரோல். "கிழங்குதானே, இது நமக்கு ஆகும்" என்று தட்டு நிறைய எடுத்துக்கொள்கிறோம்.

என் மாமனாரும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார். சில வருடங்களுக்கு முன் மாமனாரும் மாமியாரும் கும்பகோணத்திலிருந்து எங்களோடு ஆறு மாதம் தங்க வந்திருந்தார்கள். மாமாவுக்குப் பதினைந்து வருடமாகச் சர்க்கரை நோய். காபிக்குச் சர்க்கரை போட மாட்டார், பாயசம் என்றால் ஒரு ஸ்பூன் நாக்கில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுவார். அவ்வளவு கட்டுப்பாடு. நண்பர் வீட்டு விருந்தில் அந்தக் கேசரோலை இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார். நான் கேட்டதற்கு, "ஏம்மா, வேகவச்ச கிழங்குதானே, ஊர்ல சாயங்காலம் திங்கிறதுதானே. கொஞ்சம் தித்திப்பா இருக்கு, இந்த ஊர்க் கிழங்கு போலிருக்கு" என்றார். மருத்துவமனையில் உணவியல் ஆலோசகராக வேலை பார்க்கும் நான், பாத்திரத்தின் மேல் என்ன தூவியிருக்கிறது என்று எட்டிப் பார்க்கவில்லை. அன்று இரவு அவருக்குத் தாகம் அடங்கவில்லை. நாலு தடவை எழுந்து போனார். மீட்டரில் பார்த்தால் 312.

பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. மருத்துவரின் இரவு நேரத் தொலைபேசியில் கேட்டு, தண்ணீர் நிறையக் குடிக்க வைத்து, இரண்டு மணிக்கொரு முறை பார்த்துக்கொண்டே இருந்தோம்; காலையில் இறங்கிவிட்டது. ஆனால் ஊரிலிருந்து வரும் பெற்றோருக்கு நாம் எடுக்கும் பயணக் காப்பீடுகள் பலவற்றில், ஏற்கனவே இருக்கும் நோய்க்கு முழுப் பாதுகாப்பு கிடையாது. இரவு இரண்டு மணிக்கு அவசரப் பிரிவுக்குப் போக வேண்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது இன்னும் நினைவிருக்கிறது.

அந்தப் பாத்திரத்தில் என்னதான் இருந்தது?

மறுநாள் நண்பரின் மனைவியிடம் செய்முறை கேட்டேன். சந்தோஷமாகக் கொடுத்தார். இந்த நாட்டில் பல வீடுகளில் வழிவழியாகச் செய்யும் முறைதான். மசித்த கிழங்கு மூன்று கப். அதில் சர்க்கரை ஒரு கப், வெண்ணெய் அரை கப், பால் அரை கப், முட்டை இரண்டு. மேலே தூவுவதற்குப் பிரவுன் சுகர் ஒரு கப், மைதா மூன்றில் ஒரு பங்கு கப், இன்னும் கொஞ்சம் வெண்ணெய், பீக்கன் பருப்பு ஒரு கப்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கப் வெள்ளைச் சர்க்கரை 200 கிராம். அழுத்தி அளந்த பிரவுன் சுகர் ஒரு கப் 210 கிராமுக்கு மேல். பத்துப் பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு 40 கிராமுக்கு மேல் சேர்த்த சர்க்கரை, அதாவது பத்துத் தேக்கரண்டி. ஒரு கேன் கோலாவில் இருப்பது 39 கிராம். அமெரிக்க இதய சங்கம் ஒரு நாள் முழுவதற்கும் சொல்லும் மேல் வரம்பே பெண்களுக்கு 25 கிராம், ஆண்களுக்கு 36 கிராம்தான். கிழங்கு, மைதா எல்லாம் சேர்த்துப் பார்த்தால் ஒரு பங்கில் மாவுச்சத்து 60 கிராமைத் தாண்டுகிறது. ஒரு கப் சோற்றில் 45 கிராம். மாமா இரண்டு பங்கு சாப்பிட்டார். மூன்று கப் சோறு வெறும் தொட்டுக்கையாக உள்ளே போயிருக்கிறது. பன்னும் உருளைக்கிழங்கும் தனி!

தப்பு கிழங்கின் மேல் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பெயரிலேயே சர்க்கரை இருப்பதால் நம்மில் சர்க்கரை நோயாளிகள் பலர் இதைத் தொடுவதே இல்லை. தோலுரித்து வேகவைத்த கிழங்கு 100 கிராமில் மாவுச்சத்து சுமார் 18 கிராம், நார்ச்சத்து இரண்டரை கிராம், மொத்தம் 76 கலோரி. அளவோடு சாப்பிட்டால் சோற்றைவிட மோசம் என்று சொல்ல முடியாது. ஆரஞ்சு நிறத்துக்குக் காரணமான பீட்டா கரோட்டின் உடலில் வைட்டமின் ஏ ஆக மாறுகிறது. ஒரு நடுத்தரக் கிழங்கே ஒரு நாள் தேவைக்குப் போதும். ஆப்பிரிக்காவில் குழந்தைகளின் வைட்டமின் ஏ குறைபாட்டைப் போக்க ஆரஞ்சு நிறக் கிழங்கைப் பரப்பியவர்களுக்கு 2016-ல் உலக உணவுப் பரிசு கொடுத்தார்கள். நம் ஊரில் கிடைக்கும் வெள்ளைச் சதைக் கிழங்கில் இந்தச் சத்து மிகக் குறைவு. ஆனால் அது மாவு மாவாக இருக்கும், ருசியும் அதற்குத்தான் என்பது என் கட்சி. திருவாதிரை ஏழு கறிக் கூட்டில் ஆரஞ்சுக் கிழங்கைப் போட்டால் கரைந்து காணாமல் போய்விடும்.

கடையில் 'யாம்' என்று எழுதியிருப்பதைப் பார்த்துக் குழம்புகிறவர்களும் உண்டு. உண்மையான யாம் வேறு குடும்பம். யாழ்ப்பாணத்து அன்பர்கள் கஞ்சி காய்ச்சும் இராசவள்ளிக் கிழங்கு அந்த வகை. அமெரிக்கக் கடைகளில் யாம் என்ற பெயரில் இருப்பது பெரும்பாலும் ஆரஞ்சு நிறச் சர்க்கரைவள்ளிதான். 1930-களில் லூசியானாவில் ஆரஞ்சு வகையை மற்றதிலிருந்து பிரித்துக் காட்ட வைத்த விற்பனைப் பெயர் அது. டின்னில் வரும் 'யாம்' சர்க்கரைப் பாகில் ஊறியது. அதை வாங்க வேண்டாம்.

இன்னொரு விஷயம், சைவக்காரர்களுக்கு. சில வீடுகளில் பீக்கனுக்குப் பதில் மேலே வெள்ளை வெள்ளையாக மார்ஷ்மெல்லோ பரப்பிச் சுட்டிருப்பார்கள். இந்தப் பழக்கம் வந்ததே ஒரு மார்ஷ்மெல்லோ நிறுவனம் தன் சரக்கை விற்க 1917-ல் ஒரு சமையல் நிபுணரைக் கொண்டு போட்ட குறிப்புப் புத்தகத்தால்தான். மார்ஷ்மெல்லோவில் ஜெலட்டின் உண்டு. அது பன்றி அல்லது மாட்டின் தோல், எலும்பிலிருந்து எடுப்பது. ஜெலட்டின் இல்லாத வகைகளும் இப்போது கிடைக்கின்றன. ஆனால் விருந்து கொடுப்பவர் எதைப் போட்டார் என்பது கேட்டால்தான் தெரியும். கேட்பதில் தவறில்லை. இந்த நாட்டில் அதை யாரும் அவமரியாதையாக எடுத்துக்கொள்வதில்லை.

நாமே செய்து எடுத்துப் போகலாம்

அடுத்த வருடம் அந்த வீட்டுக்கு நானே ஒரு கேசரோல் செய்து கொண்டுபோனேன். பன்னிரண்டு பேருக்கான அளவு இது.

கிழங்கு 3 பவுண்டு (சுமார் 1,350 கிராம்), வெண்ணெய் 3 மேசைக்கரண்டி, பால் அரை கப், ஒரு ஆரஞ்சுப் பழத்தின் துருவிய தோலும் அதன் சாறும், சுக்குப்பொடி அரை தேக்கரண்டி, பட்டைப்பொடி ஒரு தேக்கரண்டி, ஏலப்பொடி சிறிது, உப்பு முக்கால் தேக்கரண்டி. மேலே தூவ: பொடியாக நறுக்கிய பீக்கன் அல்லது வால்நட் முக்கால் கப், ஓட்ஸ் அரை கப், பிரவுன் சுகர் 3 மேசைக்கரண்டி.

கிழங்கைக் கழுவி, தோலோடு பெரிய துண்டுகளாக வெட்டி, கத்தி இறங்கும் வரை வேகவையுங்கள். குக்கர் என்றால் தனிப் பாத்திரத்தில் வைத்து இரண்டு விசில். தண்ணீரை வடித்து, வெறும் பாத்திரத்தில் ஐந்து நிமிடம் திறந்து வைத்தால் ஈரம் ஆவியாகப் போய்விடும். இதைச் செய்யாவிட்டால் கேசரோல் சொதசொதவென்று ஆகும். பிறகு தோலுரித்து, வெண்ணெயில் ஒரு மேசைக்கரண்டியை மேலே தூவுவதற்காக எடுத்து வைத்துவிட்டு, மீதியுடன் பால், ஆரஞ்சுச் சாறு, பொடிகள், உப்பு சேர்த்து மசியுங்கள். ஓரளவு கட்டி இருந்தால் பரவாயில்லை. வெண்ணெயை அறவே விட்டுவிட வேண்டாம். பீட்டா கரோட்டின் உடலில் சேரக் கொஞ்சம் கொழுப்பு வேண்டும். வெண்ணெய் தடவிய இரண்டு குவார்ட் பாத்திரத்தில் பரப்பி, எடுத்து வைத்த வெண்ணெயில் பருப்பு, ஓட்ஸ், பிரவுன் சுகரைப் பிசிறி மேலே தூவி, 350 டிகிரி ஃபாரன்ஹீட் ஓவனில் மேல்பகுதி பொன்னிறமாகும் வரை அரைமணி நேரம் வையுங்கள்.

சர்க்கரை போதாதே என்று நினைப்பவர்களுக்கு: உப்பும் ஆரஞ்சுத் தோலும்தான் இதன் ரகசியம். இரண்டும் கிழங்கின் சொந்தத் தித்திப்பை எடுத்துக் காட்டும். இந்த முறையில் ஒரு பங்குக்கு மாவுச்சத்து சுமார் 25 கிராம். அதில் சேர்த்த சர்க்கரை மூன்று கிராம் அளவுதான். முட்டை இல்லை, மார்ஷ்மெல்லோ இல்லை.

ஏன் வேகவைக்க வேண்டும், ஓவனில் முழுசாகச் சுட்டால் இன்னும் ருசிதானே என்று என் மாமியார் கேட்டார். நல்ல கேள்வி. கிழங்கில் இயற்கையாக ஒரு நொதி இருக்கிறது. மெதுவாகச் சூடாகும்போது அது மாவை மால்ட்டோஸ் என்ற சர்க்கரையாக மாற்றிக்கொண்டே போகும். அதனால்தான் சுட்ட கிழங்கில் பாகு வழிகிறது. வேகவைத்த கிழங்கின் கிளைசெமிக் குறியீடு 50-ஐ ஒட்டி இருக்க, சுட்டதற்கு 80-க்கு மேலும் போவதாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. சர்க்கரை இல்லாதவர்கள் சுட்டே சாப்பிடுங்கள். மாமாவுக்கு வேகவைத்ததுதான்.

மாத்திரை சாப்பிடுபவர்கள் கவனிக்க

விருந்து மாலை மூன்று மணிக்கு என்பதால் "மதியம் ஒன்றும் வேண்டாம், அங்கே சாப்பிட்டுக்கொள்ளலாம்" என்று காலை மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு பட்டினி கிடப்பவர்கள் உண்டு. கிளிமிபிரைடு, கிளிபிசைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் இப்படிச் செய்வது, கேசரோல் சாப்பிடுவதைவிட ஆபத்து. சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கி மயக்கம் வரலாம். மதியம் சிறிதளவு சாப்பிட்டுவிட்டே கிளம்புங்கள். நடுக்கம், வியர்வை, தடுமாற்றம் தெரிந்தால் உடனே அரை கப் ஜூஸ் அல்லது நான்கு குளுக்கோஸ் மாத்திரை. பதினைந்து நிமிடம் கழித்து மீண்டும் பாருங்கள், ஏறவில்லை என்றால் மறுபடி கொடுங்கள். நினைவு தவறியவர் வாயில் எதையும் ஊற்றாமல் 911-ஐ அழையுங்கள். அந்த நேரத்தில் கேசரோலை ஊட்ட வேண்டாம், வெண்ணெய் சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும்.

தட்டில் கேசரோலைச் சோறு இருக்கும் இடத்தில் வையுங்கள், காய் இருக்கும் இடத்தில் அல்ல. அரை கப் எடுத்தால் பன்னையும் மசித்த உருளைக்கிழங்கையும் விட்டுவிடலாம். பூசணிப் பை சாப்பிட ஆசை இருந்தால் கேசரோல் வேண்டாம், இரண்டில் ஒன்று. முதல் வாய் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பரிசோதியுங்கள். பலருக்கு 180-க்குள் இருப்பதே இலக்கு. வயதானவர்களுக்கு மருத்துவர் வேறு அளவு சொல்லியிருக்கலாம்.

சிறுநீரக நோய் உள்ளவர்களுக்குப் பொட்டாசியம் கணக்கு உண்டு. தோலோடு சுட்ட கிழங்கு 100 கிராமில் 475 மில்லிகிராம், தோலுரித்து வேகவைத்ததில் 230. உங்கள் மருத்துவரையோ உணவியல் ஆலோசகரையோ கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். பருப்பு அலர்ஜி உள்ள குழந்தைகள் வரும் இடத்துக்குக் கொண்டுபோவதாக இருந்தால் பீக்கன், வால்நட் இரண்டையும் விட்டுவிட்டு ஓட்ஸ் மட்டும் தூவி, பாத்திரத்தின் மேல் ஒரு சீட்டில் என்னென்ன சேர்த்தது என்று எழுதி ஒட்டுங்கள்.

பாட்லக் என்றால் உணவு மணிக்கணக்கில் மேசையில் கிடக்கும். பால் சேர்த்த பதார்த்தம் வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. மிச்சத்தைத் தட்டையான டப்பாக்களில் பிரித்து ஃபிரிட்ஜில் வைத்தால் சீக்கிரம் குளிரும். மூன்று நான்கு நாட்களுக்குள் 165 டிகிரி வரை சூடாக்கிச் சாப்பிட்டுவிட வேண்டும். எங்கள் வீட்டில் அந்த நான்கு நாள் தேவைப்படுவதில்லை. மறுநாள் காலையில் மாமியார் அதைக் கோதுமை மாவில் போட்டு, ஒரு பச்சை மிளகாயும் சீரகமும் சேர்த்துப் பிசைந்து சப்பாத்தி தட்டிவிடுவார். மாமா இரண்டு சாப்பிட்டுவிட்டு மீட்டரைத் தானே எடுத்துக்கொண்டு வருவார்.