பொரித்த காளானும் அதன் சத்தும்

காளான் என்றதும், மழை பெய்த மறுநாள் வேலியோரம் குடை விரிக்கும் பூஞ்சையே நம் நினைவுக்கு வரும். அவற்றுள் நஞ்சுள்ளவையும் உண்டு. கொதிக்கும் எண்ணெயில் பொரித்தாலும் கொடிய காளான்களின் நஞ்சு நீங்குவதில்லை. ஆதலால் நாம் இங்குக் கூறுவதெல்லாம் கடையில் விற்கும் வளர்ப்புக் காளானைப் பற்றியே.

தவக்கால வெள்ளிக்கிழமைகளில் இறைச்சிக்குப் பதிலாகக் காளான் சமைக்கும் இல்லங்கள் பல. இறைச்சிக்கு நிகரான சத்து இதில் உண்டு என்பார்கள். அது மிகையே. 100 கிராம் பச்சை மொட்டுக் காளானில் சுமார் 92 கிராம் நீர். புரதமோ 3 கிராம்தான். ஒரு கோழி முட்டையிலேயே 6 கிராம் புரதம் உள்ளதே! எனவே காளானோடு பருப்போ சுண்டலோ சேர்ந்தால்தான் அவ்வேளை உணவு நிறைவு பெறும். காளானின் பெருமை வேறு. அதே 100 கிராமில் கொழுப்பு அரை கிராம்கூட இல்லை. கலோரி 22 மட்டுமே. பி வகை வைட்டமின்களும் பொட்டாசியமும் உள்ளன.

இந்தப் பெருமையைத்தான் வாணலி பறித்துவிடுகிறது. சூடான எண்ணெயில் காளானின் நீர் ஆவியாக வெளியேற, அவ்விடத்தில் எண்ணெய் புகுகிறது. 1 கிராம் எண்ணெய்க்கு 9 கலோரி. 10 கிராம் ஏறினாலே 90 கலோரி கூடிவிடும். மாவில் தோய்த்த பஜ்ஜி என்றால் மாவின் கணக்கும் சேரும். ஸ்பெயின் நாட்டு ஆய்வாளர்கள் நான்கு வகைக் காளான்களை வேகவைத்தும், சுட்டும், பொரித்தும், மைக்ரோவேவ் அடுப்பில் சமைத்தும் ஆராய்ந்து 2017-இல் முடிவுகளை வெளியிட்டனர். பொரித்தவற்றில் கொழுப்பு மிகுந்து, புரதத்தின் பங்கு குறைந்திருந்தது. கோவைத் தள்ளுவண்டிகளில் ‘காளான்’ என்று விற்கும் பண்டத்திலோ பெரும்பகுதி முட்டைக்கோசும் மைதாவுமே. சுவையை நாம் குறை கூறவில்லை!

வீட்டில் வேறு வழி உண்டு. நறுக்கிய காளானை எண்ணெய் விடாமல் சூடான வாணலியில் இட்டால் தானே நீர் விடும். அந்நீரை வடித்து ஊற்றிவிடக் கூடாது. பி வைட்டமின்கள் அதில் கரைந்துள்ளன. நீர் சுண்டியபின் ஒரு தேக்கரண்டி எண்ணெய், மிளகு, உப்பு சேர்த்துப் புரட்டினால் போதும். எண்ணெயால் கூடுவது சுமார் 40 கலோரியே. சமைக்குமுன் நறுக்கிய துண்டுகளை நண்பகல் வெயிலில் அரை மணி நேரம் பரப்பி வைத்தால், வெயிலின் புற ஊதாக் கதிர்களால் அவற்றில் வைட்டமின் டி உண்டாகும். வதக்கிய பின்னும் அதில் பெரும்பகுதி நிலைத்திருக்கும்.