ஊர் சேர்ந்து தாங்கும் வீடு

நுழையும்முன்

பொருளீட்டும் ஒருவர் நோயில் விழுந்தால், அக்குடும்பத்தின் துன்பம் மருத்துவச் செலவோடு முடிவதில்லை. அடுப்பெரிவதும் வாடகை கொடுப்பதும் குழந்தைகள் பள்ளிக்குச் செல்வதும் கேள்விக்குறியாகின்றன. தமிழ்நாட்டின் அண்டை மாநிலமான கேரளத்தில், இத்தகைய குடும்பங்களை ஊர்மக்களே தாங்கி நிற்கும் முறையொன்று வளர்ந்துள்ளது. அதற்கான பணம் எங்கிருந்து வருகிறது, எவ்வாறு செலவாகிறது என்பதை இப்பாடத்தில் அறிவோம்.

மருந்து மட்டும் போதுமா?

கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரியில் 1993ஆம் ஆண்டு, வலிதணிப்புப் பராமரிப்புக்கெனச் சங்கம் ஒன்று தொடங்கப்பெற்றது. மருத்துவர்கள் எம்.ஆர். இராஜகோபால், சுரேஷ்குமார் ஆகியோர் அதைத் தொடங்கியவர்களுள் முதன்மையானவர்கள். புற்றுநோய் முதலிய கொடிய நோய்களால் வருந்துவோரின் வலியைத் தணிப்பதே சங்கத்தின் நோக்கம். நோயை நீக்க இயலாதபோதும் வலியைக் குறைக்க இயலும் என்பது இம்மருத்துவத்தின் அடிப்படை. இதனை ஆங்கில வழக்கில் பாலியேட்டிவ் கேர் என்பர்.

படுக்கையில் கிடப்பவர் மருத்துவமனைக்கு வருவது எளிதன்று. வண்டிக்குக் கூலி கொடுக்க வேண்டும். உடன் வருபவர் தம் நாட்கூலியை இழக்க வேண்டும். ஆகவே, மருத்துவம் நோயாளியின் வீடு தேடிச் சென்றது. அங்கே, மருத்துவமனையில் கண்ணுக்குப் படாத துன்பங்கள் புலப்பட்டன. மாத்திரையை உணவுக்குப் பின் உண்ணுமாறு சொல்லலாம். உணவே இல்லாத வீட்டில் அவ்வறிவுரையால் என்ன பயன்? தந்தைக்குத் துணையிருப்பதற்காகப் பள்ளியை விட்ட சிறுவனுக்கு எந்த மருந்தை எழுதித் தருவது? இவ்வினாக்களுக்கு விடை தேட, மருத்துவருக்கு ஊராரின் துணை தேவைப்பட்டது.

இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் மலப்புறம் மாவட்டத்திலும் அதன் சுற்றுப்புறங்களிலும், ஊர்மக்களே முன்னின்று நடத்தும் பராமரிப்பு அமைப்புகள் பெருகின. பயிற்சி பெற்ற தொண்டர்கள் தம் ஊரில் நோயுற்றோர் யார், அவ்வீட்டின் நிலை என்ன என்பதைக் கண்டறிந்தனர். செவிலியரும் மருத்துவரும் அவர்களோடு இணைந்து பணியாற்றினர்.

பணம் வரும் வழி

இவ்வமைப்புகளின் வருவாயில் பெரும்பகுதி அந்தந்த ஊரிலிருந்தே திரட்டப்படுகிறது. கடைகளில் உண்டியல்கள் வைக்கப்படுகின்றன. நாளொன்றுக்கு ஒரு ரூபாய் என்ற அளவில் எடுத்து வைத்துத் தரும் குடும்பங்கள் உண்டு. பேருந்து நடத்துவோர் ஒருநாள் வசூலை வழங்குவதும் உண்டு. பள்ளி, கல்லூரி மாணவர்களும் நிதி திரட்டுகின்றனர். கேரளத்தில் வலிதணிப்புப் பராமரிப்பு நாளாகக் கடைப்பிடிக்கப்படும் ஜனவரி 15 அன்று இம்முயற்சி சிறப்பாக நடைபெறுகிறது.

ஒரு ரூபாயால் என்ன ஆகும் என்று தோன்றலாம். ஓர் ஊரில் 1,000 வீடுகள் நாள்தோறும் ஒரு ரூபாய் எடுத்து வைப்பதாகக் கொள்வோம். 30 நாள்களில் 30,000 ரூபாய் சேரும். ஓர் ஆண்டின் 365 நாள்களில் 3,65,000 ரூபாய் சேரும். எந்த வீட்டுக்கும் சுமையாகாத தொகை, ஊருக்கு வலிமையாகிறது.

பணம் செல்லும் வழி

திரண்ட பணம் செவிலியரின் ஊதியம், வீடு தேடிச் செல்லும் வாகனம், மருந்து, புண்ணுக்கான கட்டுத்துணி ஆகியவற்றுக்குச் செலவாகிறது. வறுமையுற்ற வீடுகளுக்கு அரிசி முதலிய உணவுப்பொருள்கள் வழங்கப்படுகின்றன. நோயாளிகளின் பிள்ளைகள் படிப்பைத் தொடர உதவி கிடைக்கிறது. முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டு நடக்க இயலாதவர்களுக்குக் குடை செய்தல் போன்ற கைத்தொழில்கள் கற்றுத் தரப்படுகின்றன. அவர்கள் மீண்டும் பொருளீட்டும்போது, இழந்த தன்னம்பிக்கையும் திரும்புகிறது.

சிறுதொகையின் சிறப்பு

ஒரே செல்வரை நம்பி நடக்கும் பணி, அவர் கைவிட்டால் நின்றுவிடும். ஆயிரம் பேரை நம்பி நடக்கும் பணியிலோ, சிலர் விலகினாலும் பிறர் தாங்குவர். மேலும், ஒரு ரூபாய் கொடுத்தவரும் கணக்குக் கேட்கும் உரிமை உடையவர். பணம் உரிய வீட்டைச் சென்றடைந்ததா என்பதை, அதே தெருவில் வாழும் அவரால் எளிதில் அறிய இயலும்.

இவையனைத்தினும் மேலானது பெறுபவரின் மானம். நலமாக இருந்த நாளில் உண்டியலில் காசு இட்டவரே, நோயுற்ற நாளில் உதவி பெறக்கூடும். அப்போது அவர் தலைகுனிய வேண்டியதில்லை; தாமும் சேர்ந்து கட்டிய கூரையின்கீழ் அவர் ஒதுங்குகிறார். உதவுவோரும் இதனை மறத்தலாகாது. பெறுபவரின் வறுமையை ஊரறியச் செய்து கொடுக்கும் கொடை, பசியைத் தீர்க்கலாம், மனத்தைப் புண்படுத்திவிடும்.

இம்முறைக்கும் எல்லை உண்டு. மழையோ வேலையின்மையோ ஊர் முழுவதையும் வாட்டும் காலத்தில், தேவை பெருகும், உண்டியலோ இளைக்கும். எனவே அரசின் துணையும் வேண்டும். 2008ஆம் ஆண்டு கேரள அரசு, வலிதணிப்புப் பராமரிப்புக்கெனத் தனிக் கொள்கையை வெளியிட்டது. இந்தியாவில் இவ்வாறு செய்த முதல் மாநிலம் அதுவே. அதன்பின் ஊராட்சிகளும் வீடு தேடிச் செல்லும் செவிலியர் பணியை மேற்கொண்டன. அரசு தந்த வலிமையோடு, அண்டை வீட்டாரின் அக்கறையும் தொடர்கிறது. இரவில் வந்து அருகில் அமர்ந்து ஆறுதல் சொல்ல ஓர் அரசாணையால் இயலாது, அயலாரால் இயலும்.

தெரிந்துகொள்வோம்

திருக்குறளில் ‘ஒப்புரவறிதல்’, ‘ஈகை’ என்பன தனித்தனி அதிகாரங்கள். ஈகை, வறியவர்க்குக் கொடுத்தல். ஒப்புரவு, ஊரோடு பொருந்தி வாழ்ந்து பிறர்க்கு உதவுதலைத் தம் கடமையாகக் கொள்ளல். சமைக்கும் முன் ஒரு பிடி அரிசியை அறப்பணிக்கு எடுத்து வைக்கும் ‘பிடியரிசி’ வழக்கமும் தமிழர் இல்லங்களில் உண்டு.

சொற்பொருள்

பொருளீட்டுதல் – பணம் சம்பாதித்தல்
தணித்தல் – குறைத்தல்
புலப்படுதல் – தெரியவருதல்
மானம் – தன்மதிப்பு
இளைத்தல் – மெலிதல், குறைதல்
அயலார் – அக்கம்பக்கத்தில் வாழ்வோர்

பயிற்சிகள்

அ. பிரித்து எழுதுக
1. நாட்கூலி 2. பொருளீட்டும் 3. அவ்வறிவுரை

ஆ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக
1. மருத்துவம் வீடு தேடிச் சென்றது ஏன்?
2. திரட்டப்படும் பணம் எவ்வெவற்றுக்குச் செலவாகிறது?

இ. சிந்தித்து எழுதுக
1. ‘தாமும் சேர்ந்து கட்டிய கூரை’ என்னும் தொடர் எதனைக் குறிக்கிறது?
2. ஒருவர் தரும் பெருந்தொகை, பலர் தரும் சிறுதொகை – ஒவ்வொன்றிலும் உள்ள நன்மை ஒன்றையும் குறை ஒன்றையும் எழுதுக.

ஈ. செயல்பாடு
நீங்கள் வாழும் ஊரில் மக்கள் கூடி நடத்தும் அறப்பணி ஒன்றைப் பற்றிப் பெற்றோரிடம் கேட்டறிக. அதற்குப் பணமோ பொருளோ வரும் வழியையும் செல்லும் வழியையும் பத்து வரிகளில் எழுதுக. உதவி பெறுவோர் பெயரை எழுதற்க. அதற்கான காரணத்தை வகுப்பில் கலந்துரையாடுக.