சௌராஷ்டிரம் பேசக் கிளம்புகிறவர்களுக்கு

குடவாசலில் பஸ் ஏறி, நாச்சியார்கோவில் வழியாகக் கும்பகோணம் போய், ஒரு பட்டுக்கடையில் முப்பது வருஷம் கணக்கு எழுதியவன் நான். முதலாளி வீட்டுப் பேச்சு சௌராஷ்டிரம். காதில் விழுந்ததை வைத்தே கற்றேன். தப்பும் தவறுமாக இன்றைக்கும் பேசுவேன். அதைக் கேள்விப்பட்டு என் திண்ணைக்கு வரும் பிள்ளைகளுக்கு இவ்வளவு சொல்வது வழக்கம்.

1. எழுத்தில் ஆரம்பிக்காதே. சௌராஷ்டிரத்துக்குத் தனி எழுத்து உண்டு. மதுரை ராமராய் அதற்காகப் பாடுபட்டார். 2008இல் யூனிகோடிலும் ஏறிவிட்டது. ஆனால் பேசுகிறவர்களில் பெரும்பாலோருக்கு அதைப் படிக்கத் தெரியாது. தமிழ் எழுத்திலேயே தலைக்கு மேல் பொடி எண் போட்டு எழுதிக்கொள்வார்கள். ந, ம, ர, ல இவற்றோடு மூச்சும் கலந்து வருகிற ஒலிகள் அந்தப் பேச்சில் உண்டு. அதற்கு அடையாளமாக இரண்டு புள்ளி வைப்பார்கள். புள்ளியைப் பார்த்து மூச்சு வராது தம்பி, எதிரே உட்கார்ந்து வாயைப் பார்க்க வேண்டும்.

2. குஜராத்திக்கும் மராத்திக்கும் சொந்தக்கார மொழி என்று மிரளாதே. தெலுங்கு, கன்னடம், தமிழ் எல்லாம் அதில் ஊறிக் கிடக்கின்றன. நம்மைப் போலவே அவர்களுக்கும் வினைச்சொல் கடைசியில்தான். தண்ணீர் என்றால் பானி. பானையில் பானி, மறக்காது.

3. கற்பதை விடப் பேசக் கிடைப்பதுதான் கஷ்டம். 2011 கணக்கெடுப்பில் இந்தியா முழுவதும் சேர்த்தே இரண்டரை லட்சத்துக்குச் சற்றுக் குறைவானவர்கள்தான் இதைத் தாய்மொழியாகச் சொன்னார்கள். அத்தனை பேரும் அநேகமாகத் தமிழும் தெரிந்தவர்கள். நீ திக்கித் திணறி அரை வாக்கியம் சொல்வதற்குள், "என்ன வேணும் தம்பி?" என்று தமிழுக்கு வந்துவிடுவார்கள். உன்னைச் சிரமப்படுத்த வேண்டாம் என்கிற மரியாதை அது. ஆனால் கற்கிறவனுக்கு அதுதான் எமன். நான் முதல் இரண்டு வருஷம் தேறாததற்கு அந்த மரியாதைதான் காரணம்.

வேல்ஸ் தேசத்தில் வெல்ஷ் கற்கிறவர்களுக்கும் இதே பாடுதான்; வெல்ஷ் பேசுகிறவர் அநேகமாக எல்லோருக்கும் இங்கிலீஷ் தெரியும். அங்கே வெல்ஷ் பேசத் தயாராக இருக்கிற கடைக்காரரும் ஆபீஸ்காரரும் சட்டையில் ஆரஞ்சு நிறப் பேட்ஜ் குத்திக்கொள்கிறார்கள். அதைப் பார்த்தால் கூச்சப்படாமல் தொடங்கலாம். நம் பக்கத்தில் பேட்ஜ் கிடையாது. வாயைத் திறந்து கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்: "பாட்டி, பத்து நிமிஷம் தமிழே பேசாதீங்க, நான் தப்பாப் பேசினாலும் சரி." கேட்டுப் பார். மறுத்தவர் ஒருவரையும் நான் கண்டதில்லை.

4. முகூர்த்த நாளில் பட்டுக்கடைக்குப் போய் நிற்காதே, துரத்தாத குறைதான். மார்கழியில் போ, கல்யாணம் கிடையாது, கல்லாவில் ஈ ஓட்டுவார்கள். அதைவிட நல்லது திருபுவனத்திலோ அய்யம்பேட்டையிலோ தறிபோட்ட வீடு. தறியில் இருப்பவருக்குக் கையும் காலும்தான் வேலையில் இருக்கும், வாய் சும்மா இருக்கும். இழை அறுந்துவிட்டால் மட்டும் நீ வாயை மூடிக்கொள்.

5. குழந்தைகளிடம் கற்றால் சீக்கிரம் வரும். ஆனால் அவர்கள் சொல்வதை அப்படியே பெரியவர்களிடம் எடுத்துப்போகாதே. எனக்கு 'தூ' என்று ஒன்றுதான் தெரியும். முதலாளியின் அம்மாவைப் பார்த்து அதையே சொல்லிவிட்டேன். நீ என்று ஒருமையில் அழைத்த மாதிரி! 'துமி' என்றிருக்க வேண்டும். கடைப் பையன்கள் ஒரு வாரம் சிரித்தார்கள். அந்த அம்மாள் மட்டும் சிரிக்காமல் 'துமி'யை நாலு தரம் சொல்லச் சொன்னார். அன்றைக்கு வந்தது இன்னும் போகவில்லை.

6. தெரியாததைத் தெரிந்தவர் வாசலில் போய்க் கேட்பது நம் பக்கத்துப் பழக்கம்தான். இதோ பக்கத்து உத்தமதானபுரத்து உ.வே.சாமிநாதையர், கும்பகோணம் கல்லூரியில் தமிழ் ஆசிரியராக இருந்தவர், 1887இல் சீவக சிந்தாமணியை அச்சில் கொண்டுவருவதற்கு முன், அதிலிருந்த சமணச் செய்திகளைக் கேட்டுத் தெளிய கும்பகோணத்துச் சமணர் வீடுகளுக்குத்தான் போனார். அவரே போனபோது உனக்கும் எனக்கும் என்ன வெட்கம்?

7. நடுநடுவே எம்.வி.வெங்கட்ராமின் 'வேள்வித் தீ'யைப் படி. தமிழ் நாவல்தான், ஆனால் கும்பகோணத்துச் சௌராஷ்டிர நெசவாளர் வீட்டுக்குள்ளேயே உன்னை உட்கார வைத்துவிடும்.

8. இது சௌராஷ்டிர வீட்டுப் பிள்ளைகளுக்கே. சென்னையில் வளர்ந்து, "எல்லாம் புரியும் தாத்தா, பேசத்தான் வராது" என்கிறீர்களே, உங்களுக்கு நோட்டும் வேண்டாம், நானும் வேண்டாம். பாட்டிக்குப் போன் போடுங்கள். வீடியோவில் வேண்டாம், தலையை ஆட்டியே தப்பித்துவிடுவீர்கள். இன்றைக்கு என்ன சமையல் என்று அவர் பாஷையில் கேளுங்கள். குழம்பில் தொடங்கி ஊர்க்கதை முழுக்க வரும். பாட்டி நடுவில் தமிழுக்குத் தாவினாலும் நீங்கள் தாவக்கூடாது. ஐந்து நிமிஷம் தாங்கினால் அடுத்த போன் எனக்கு.