பட்டியல் வரிசைக்கு வர மறுக்கிறதா?

மளிகைக் கடை ஆப்புக்கு ஜாவாஸ்கிரிப்டில் பொருள் பட்டியல் போடுகிறீர்கள். பெயர், விலையுடன் ஒவ்வொரு பொருளும் ஓர் ஆப்ஜெக்ட். எல்லாம் ஒரே அரேயில். 'சார்ட்' கொடுத்தும் எதுவும் நகரவில்லையா?

1. சார்ட்டுக்குள் ஒப்பிடும் ஃபங்ஷன் ஒன்று கொடுங்கள்: முதல் பொருளின் விலையிலிருந்து அடுத்ததன் விலையைக் கழித்தால் போதும். அது இல்லாவிட்டால் எல்லா ஆப்ஜெக்ட்டும் ஒரே மாதிரி ஸ்ட்ரிங்காக மாறிச் சமமாகிவிடும்.

2. விலைகளை முதலிலேயே 'நம்பர்' ஆக்குங்கள். ஸ்ட்ரிங்காக இருந்தால் 90-ஐயும் 450-ஐயும் கூட்ட 90450 வரும். பில்லில் இதைப் பார்த்தால் வாடிக்கையாளர் சும்மா விடமாட்டார்.

3. பழைய வரிசையும் வேண்டுமா? 'டூசார்ட்டட்' பயன்படுத்துங்கள், சார்ட் மூல அரேயையே கலைத்துவிடும். டூசார்ட்டட் 2023 தரத்தில் வந்தது, பழைய பிரவுசரில் ஓடாது. புது அரே கிடைத்தாலும் உள்ளே இருப்பவை அதே ஆப்ஜெக்ட்டுகள்தான். இங்கே விலையை மாற்றினால் அங்கேயும் மாறும்.

4. தமிழ்ப் பெயர்களை 'லோகேல்கம்பேர்' கொண்டு ஒப்பிடுங்கள்; மொழிக்குறியாக 'டிஏ' கொடுங்கள். யூனிகோடு எண்வரிசையில் ள முந்தி, ழ பிந்தி. அதனால் வெறும் பெரிது-சிறிது குறி போட்டால் வாழைக்காய்க்கு முன்னால் வாளி வந்து நிற்கும்.

5. பொருள் ஏற்கெனவே இருக்கிறதா என்று பார்க்க 'இன்க்ளூட்ஸ்' வேண்டாம், 'சம்' கொண்டு ஐடியை ஒப்பிடுங்கள். உள்ளடக்கம் ஒன்றானாலும் இரு ஆப்ஜெக்ட்டுகள் வேறுவேறுதான்.