வீடு மாறிய கணிப்பொறி



எங்கள் ஆய்வகத்துப் பழைய கணிப்பொறி விழித்தெழுவதற்குள் பாடவேளையில் கால் பங்கு கழிந்துவிடும். காரணம், அதனுள் இருந்த ஹார்டு டிஸ்க். நிமிடத்துக்கு 5400 முறை சுழலும் தட்டின்மேல் சிறு முனை ஒன்று ஓடியோடிச் செய்திகளைத் தேட வேண்டும். எஸ்.எஸ்.டி.யில் சுழலும் உறுப்பே இல்லை. ஜப்பானிய அறிஞர் ஃபுஜியோ மசுவோகா 1980-களில் கண்டுபிடித்த ஃபிளாஷ் நினைவகமே அதன் அடிப்படை. மின்சாரம் நின்றாலும் செய்தி அழியாது.

இயங்குதளத்தை அதற்கு மாற்ற, கோப்புகளை மட்டும் படியெடுத்தால் போதாது. கணிப்பொறியைத் தொடங்கி வைக்கும் சிறு பகுதியும் உடன் வர வேண்டும். ஆகவே, தட்டு முழுவதையும் 'குளோன்' செய்ய வேண்டும். பின்பு, புதிய எஸ்.எஸ்.டி.யிலிருந்தே தொடங்குமாறு பயாஸில் அமைக்க வேண்டும்.

எங்களுள் ஒருத்தி அவசரத்தில் மூலத்தையும் இலக்கையும் மாற்றித் தேர்ந்தெடுத்துவிட்டாள். பொத்தானை அழுத்தியிருந்தால், வெற்று எஸ்.எஸ்.டி. பழைய தட்டின்மேல் படிந்து, ஐந்தாண்டு ஆண்டுமலர்ப் படங்கள் யாவும் அழிந்திருக்கும்! சிஸ்டர் கண்டு தடுத்தார்கள். "முதலில் காப்புநகல், பிறகுதான் மாற்றம்" என்றார்கள். அன்று நாங்கள் கற்ற உண்மைப் பாடம் அதுவே.

நம் புதுவையில் காக்கப்படும் சைவச் சுவடிகளை 2005-இல் யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. ஓலை செல்லரிக்குமுன் முன்னோர் பொறுமையுடன் படியெடுத்ததால் அன்றோ பழம் நூல்கள் நம்மை வந்தடைந்தன! நாமும் படியெடுப்போம், சரிபார்ப்போம், அதன் பின்னரே பழையதை விடுவோம்.