வல்வில் வேண்டாம்

கொல்லிமலைத் தலைவன் வல்வில் ஓரி எய்த ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு என ஐந்தையும் வரிசையாகத் துளைத்ததாகப் புறநானூற்றில் வன்பரணர் பாடியிருக்கிறார். நான் எய்த முதல் உருப்படியான அம்பு, ஐயப்பன்தாங்கலில் பக்கத்து வீட்டு மாடியிலிருந்த 500 லிட்டர் தண்ணீர்த் தொட்டியைத் துளைத்தது.

எட்டு மீட்டர் தள்ளிச் சாக்கு மூட்டையைச் சாய்த்து வைத்து, அதைப் பார்த்துத்தான் விட்டேன். மூட்டைக்கு ஒரு சாண் மேலே போய், இரண்டு வீட்டுக்கும் நடுவிலிருக்கும் சந்தைத் தாண்டி, கறுப்புத் தொட்டியின் வயிற்றில் குத்தி நின்றது. அம்பே அடைப்பாக இருந்ததால் தண்ணீர் சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. பிடுங்கினால் பீய்ச்சியடிக்கும், விட்டுவைத்தால் ஊரே பார்க்கும். யோசித்துக்கொண்டு நிற்கும்போதே அந்த வீட்டு அக்கா துணி எடுக்க மாடிக்கு வந்துவிட்டார்.

"என்ன தம்பி இது, தொட்டில கம்பி மாதிரி நிக்குது?"

"அம்புக்கா."

"அம்பா?" என்றவர் கொஞ்ச நேரம் என்னையும் தொட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். "கல்யாணம் ஆயி ரெண்டு புள்ள இருக்கு உங்களுக்கு."

புதுத் தொட்டிக்கு வில்லின் விலையில் பாதி போனது. நியாயமான அபராதம். 35 பவுண்டு இழுவை உள்ள வில்லில் அம்பைக் கொஞ்சம் மேல்நோக்கி விட்டால் 150 மீட்டர் பறந்துவிடும். எங்கள் மாடியிலிருந்து 150 மீட்டருக்குள் ஒரு டியூஷன் சென்டர், இரண்டு டீக்கடை, மெட்ரோ தூண் பக்கம் பஸ்ஸுக்கு நிற்கும் கூட்டம் எல்லாம் இருக்கின்றன. தொட்டியோடு போனது என் முன்னோர் செய்த புண்ணியம். அன்றோடு மாடியில் வில் எடுப்பதை விட்டேன்.

நான் வாங்கியது ஃபைபர் கிளாஸ் வில். துருக்கி, மங்கோலியா, கொரியா பக்கத்துப் பழைய வில்களின் உருவத்தில், குட்டையாக, நுனி இரண்டும் எதிர்ப்பக்கம் வளைந்து, தோல் சுற்றி வருவது. போட்டிகளில் பார்க்கிற ரிகர்வ் வில்லை எல்லா உறுப்புகளோடும் நல்ல தரத்தில் வாங்கினால் கணக்கு லட்சத்தில் போகும். இது எனக்கு 9,500 ரூபாய்க்குக் கிடைத்தது. சைட் கிடையாது, அம்பு வைக்கத் தாங்கி கிடையாது. இடது கை முஷ்டிமேல்தான் அம்பு உட்கார வேண்டும்.

"ஃபைபரா? அது பொம்மை வில்லாச்சே" என்று ஒரு நண்பர் உதட்டைப் பிதுக்கினார். அசல் ஆசிய வில் என்பது நடுவில் மரம், உள்பக்கம் எருமைக் கொம்பு, வெளிப்பக்கம் விலங்கின் தசைநார், எல்லாவற்றையும் பிடித்து வைக்க மீன் பசையோ தோல் பசையோ. செய்து காயவைத்துக் கைக்கு வரவே மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில் ஆகும். அந்தப் பசைக்கு எதிரி ஈரம். கொரியர்கள் கொம்பு வில்லை எய்வதற்கு முன் இளஞ்சூட்டுப் பெட்டியில் வைத்து ஈரம் போக்கி எடுக்கிறார்கள். இந்தியாவில் முழுக்க எஃகிலேயே வில் செய்த கொல்லர்கள் இருந்தார்கள். எய்வதில் எஃகு வில் கொம்பு வில்லுக்கு ஈடில்லை; ஆனால் அதில் மழைக்காலத்தில் விட்டுப்போகப் பசையே கிடையாது, ஆயுதக் கிடங்கில் எத்தனை வருடம் கிடந்தாலும் எடுத்த உடனே எய்யலாம். ஃபைபர் வில்லை நான் அந்த எஃகு வில்லின் பேரனாகத்தான் பார்க்கிறேன்.

இது ஏட்டுக் கணக்கு இல்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் தரைத்தளத்தில் முழங்கால் அளவு தண்ணீர். கேஸ் சிலிண்டரையும் பிள்ளைகளின் புத்தகங்களையும் மாடிக்கு ஏற்றிய அவசரத்தில் கட்டிலுக்கு அடியில் இருந்த வில்லை மறந்தே போனேன். இரண்டு நாள் சாக்கடைத் தண்ணீரில் ஊறியது. கைப்பிடித் தோல் உரிந்து வந்தது, ஒரு மாதம் நாற்றம் அடித்தது. கழுவி, நிழலில் காயவைத்து, புதுத் தோல் சுற்றியதும் பழையபடி எய்தது. கொம்பு வில்லாக இருந்திருந்தால் பசை கரைந்து தனித்தனிப் பட்டையாகக் கையில் வந்திருக்கும்.

ஆனால் மலிவு வில்லில் ஒரு வில்லங்கம் உண்டு: ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை நம்பக் கூடாது. என்னுடையதில் 30 பவுண்டு என்று இருந்தது. விற்றவரும் அதையே சத்தியம் செய்தார். முதல் வாரமே தோள்பட்டையில் குடைச்சல். வயசாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். பிறகு ஊருக்குப் போகும்போது பெட்டி தூக்கிப் பார்க்கும் லக்கேஜ் தராசு ஞாபகம் வந்தது. அதன் கொக்கியை நாணில் மாட்டி, 28 அங்குலம் இழுத்துப் பார்த்தால் 16.2 கிலோ. ஒரு பவுண்டு என்பது 454 கிராம். ஆக கிட்டத்தட்ட 36 பவுண்டு. அதோடு முடியவில்லை. வில்லின் இழுவை எடையை 28 அங்குல இழுப்புக்குத்தான் குறிப்பார்கள். ஆசிய முறையில் நாணைத் தாடையோடு நிறுத்தாமல் காது வரை இழுக்கிறோம். என் கைநீளத்துக்கு அது 30 அங்குலம். அங்கே 18.5 கிலோ, அதாவது 40 பவுண்டுக்கு மேல். முப்பது என்று நம்பி நாற்பதை இழுத்துக்கொண்டிருந்திருக்கிறேன். தொட்டி ஓட்டையானதன் காரணமும் புரிந்தது: கை நடுங்கி, நாண் தானாக நழுவிப் போன அம்பு அது.

நம் ஊர் ஆண்களுக்கு வில் என்றதும் ஓரி ஞாபகம் வந்துவிடுகிறது, 'வல்' என்ற அடைமொழியோடு. ஜிம்முக்குப் போகிறவராக இருந்தாலும் முதல் வில் 25 பவுண்டு போதும். 30ஐத் தாண்டவே வேண்டாம். முழுதாக இழுத்து, மூச்சை நிறுத்தாமல் மூன்று எண்ணும்வரை வைத்திருந்து, எய்யாமலேயே மெதுவாகத் திரும்ப விட முடிகிறதா என்று பாருங்கள். திரும்ப விடுவதுதான் பரீட்சை. முடியவில்லை என்றால் அந்த வில் உங்களுக்கு இல்லை. இதைச் செய்து பார்க்கும்போது நாணை வெறுமனே மட்டும் விட்டுவிடாதீர்கள். அம்பில்லாமல் நாணை விட்டால் அம்போடு போக வேண்டிய விசையெல்லாம் வில்லுக்குள்ளேயே திரும்பும். கடையிலேயே 'டப்' என்று விட்டுப் பார்ப்பவர்களைக் கண்டிருக்கிறேன். அந்த வில்லை அப்புறம் யாரோ வாங்குகிறார்கள், பாவம்.

வாங்கும்போது பார்க்க வேண்டியது வேறு இரண்டு. நாண் ஏற்றிய வில்லைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து, தச்சர் பலகையின் நேர் பார்ப்பாரே அப்படிப் பாருங்கள். நாண் இரு நுனியிலும் நடுவில் ஓட வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் முறுக்கல்; என்றாவது ஒருநாள் நாண் புரண்டு, வில் உங்கள் முகத்துக்கு நேரே பின்பக்கம் மடியும். அடுத்தது பஞ்சு. தோல் மூடாத ஃபைபர் ஓரங்களில் ஒரு பஞ்சு உருண்டையை நீளவாக்கில் ஓட்டுங்கள். பஞ்சு எங்கே மாட்டி இழையிழையாக நிற்கிறதோ அங்கே கண்ணாடி நார் பிரிந்திருக்கிறது. விரலால் தடவிப் பார்க்கும் புத்திசாலித்தனம் வேண்டாம். நான் தடவினேன். கண்ணுக்குத் தெரியாத சிலாம்பு மூன்று நாள் விரலிலேயே இருந்தது.

வில்லில் மிச்சம் பிடித்த காசை அம்பில் போடுங்கள் என்பேன். நான் தலைகீழாகச் செய்தேன். தள்ளுபடியில் கிடைத்தது என்று ஆறு கார்பன் அம்பு வாங்கினேன். மேலே 300 என்று எழுதியிருந்தது. எண் சிறிதாக இருந்தால் விறைப்பு அதிகம், பெரிதாக இருந்தால் வளைவு அதிகம் என்பதெல்லாம் அப்போது தெரியாது. நம் வில்லில் அம்பு நடுவில் உட்காருவதில்லை, கைப்பிடியின் பக்கவாட்டில் உட்காருகிறது. விட்ட கணத்தில் அம்பு மீன் மாதிரி நெளிந்து கைப்பிடியைச் சுற்றிக்கொண்டு போனால்தான் நேராகப் போகும். விறைத்த அம்பு நெளியாது. கைப்பிடியை உரசிக்கொண்டு விலகிவிடும். என்னுடையவை பத்து மீட்டரில் ஒரு முழம் வலப்பக்கம் போயின. மூன்று வாரம் என் கையைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். 600 அம்பு வாங்கிய அன்றே பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

எடையும் முக்கியம். ஒரு பவுண்டு இழுவைக்குப் பத்து கிரெயின் என்பது பத்திரமான கணக்கு. 36 பவுண்டுக்கு 360 கிரெயின், அதாவது சுமார் 23 கிராம். சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். இறகு உண்மையான இறகாகவே இருக்கட்டும். பிளாஸ்டிக் இறகு முஷ்டியில் இடித்து அம்பைத் தூக்கிவிடும். உண்மையான இறகிலும் தண்டின் முன்நுனி கத்தி மாதிரி இருக்கும். இடது கட்டைவிரல் மொழியில் எனக்கு இன்னும் தழும்பு இருக்கிறது. அந்த நுனியில் தையல் நூலை நாலு சுற்றுச் சுற்றி ஒரு சொட்டு ஃபெவிகுவிக் விட்டால் போதும். இதை யாரும் எனக்கு முதலிலேயே சொல்லவில்லை.

இப்போது கட்டைவிரல். மேற்கத்திய முறையில் மூன்று விரலால் நாணை இழுப்பார்கள். குட்டை வில்லை அப்படி முழுதாக இழுத்தால் நாண் கூர்மையாக மடிந்து மூன்று விரலையும் நசுக்கும். அதனால்தான் ஆசியாவின் பெரும்பகுதியில் கட்டைவிரலை நாணில் கொக்கியாக மாட்டி, ஆள்காட்டி விரலால் அதைப் பூட்டி இழுத்தார்கள். வலக்கைக்காரருக்கு அம்பு வில்லின் வலப்பக்கம் உட்காரும். இதைப் பழகிய பிறகுதான் ஏகலைவன் கதை எனக்கு உறைத்தது. சிறுவயதில், வில்லாளியிடம் கட்டைவிரலைக் கேட்பானேன் என்று யோசித்திருக்கிறேன். மூன்று விரல் இழுப்புக்குக் கட்டைவிரல் பெரிதாகத் தேவையே இல்லை. கட்டைவிரலால் இழுப்பவனுக்கோ அதுதான் மொத்த வித்தையும். அதன்பின் ஏகலைவன் மிச்ச விரல்களால் எய்தான், பழைய வேகம் வரவில்லை என்று பாரதம் சொல்கிறது. எழுதியவர் வில் பிடித்தவராக இருக்க வேண்டும்.

வெறும் கட்டைவிரலால் இருபது அம்பு விட்டால் தோல் கொப்பளிக்கும். மோதிரங்கள் கொம்பிலும் பித்தளையிலும் பிளாஸ்டிக்கிலும் கிடைக்கின்றன. அளவு சரியில்லாத மோதிரம் வெறும் விரலைவிடக் கொடுமை. நான் டிப்போ பக்கம் செருப்பு தைக்கும் அண்ணனிடம் போனேன். விஷயத்தைச் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "நூல் எந்த எடத்துல உரசும்?" பேனாவால் என் கட்டைவிரலில் கோடு போட்டுக் காட்டினேன். "அப்ப அங்க தையல் வரக் கூடாது" என்று சொல்லி, ஷூ நாக்குத் தோலில் ஒரு துண்டு வெட்டி, விரலைச் சுற்றி, தையலை நகப்பக்கம் கொண்டுபோனார். நாற்பது ரூபாய். இரண்டு வருடமாக அதுதான் உழைக்கிறது. எந்தக் கடைக்காரரும் தையல் எங்கே வர வேண்டும் என்று யோசித்ததில்லை.

எய்வதில் எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். இடது முழங்கையின் முனையை வெளிப்பக்கம் திருப்பி வையுங்கள். இல்லாவிட்டால் நாண் முன்கையில் சாட்டை மாதிரி இழுக்கும். வலது கையை லேசாக உள்பக்கம் முறுக்கினால் அம்பு வில்லோடு ஒட்டி நிற்கும். அதிகம் முறுக்கினால் அம்பே வளையும். முதல் ஒரு மாதம் ஐந்து மீட்டர், குறி எதுவும் இல்லாமல், மூட்டையை மட்டும் பார்த்து எய்யுங்கள். கொரியாவில் இதே மாதிரி ஃபைபர் வில்களால் 145 மீட்டர் தள்ளியிருக்கும் பலகையை அடிக்கிறார்கள் என்பது உண்மை. நான் இப்போது பதினெட்டு மீட்டரில் இருக்கிறேன், எந்த அவசரமும் இல்லை.

எய்வது திருமழிசை தாண்டி மச்சான் வாங்கிப்போட்ட மனையில். மூன்று பக்கம் காம்பவுண்டு, கடைசிச் சுவருக்கு முன்னால் அஸ்திவாரம் தோண்டிய மண் மேடு, அதற்கு முன்னால் பழைய துணி திணித்த இரண்டு அரிசிச் சாக்கு. துணியை மிதித்து மிதித்து அடைக்க வேண்டும். தொளதொளவென்று இருந்தால் அம்பு ஊடுருவிவிடும். ஒவ்வொரு கார்பன் அம்பையும் எய்வதற்கு முன் காதருகே வைத்து லேசாக வளைத்துப் பார்க்கிறேன். நொறுநொறுவெனச் சத்தம் கேட்டால் உடைத்துக் குப்பையில் போட்டுவிடுவேன். மே மாதம் வில்லைக் காருக்குள் விட்டு வருவதில்லை. வேலை முடிந்ததும் நாணை இறக்கிவிடுகிறேன்.

போன மாதம் தொட்டி வீட்டு அக்கா கேட்டைத் தட்டினார். பின்னால் அவர் மகன், பத்தாம் வகுப்பு முடித்தவன், கையில் நீளமான அட்டைப்பெட்டி.

"ஆன்லைன்ல வாங்கிட்டான் தம்பி. உங்களப் பாத்துதான். சரியா இருக்கான்னு பாருங்க."

20 பவுண்டு என்று ஒட்டியிருந்தது. நாண் ஏற்றி நேர் பார்த்தேன், பஞ்சு ஓட்டினேன், லக்கேஜ் தராசை மாட்டி 28 அங்குலம் இழுக்கச் சொன்னேன். 9.1 கிலோ. இந்த முறை ஸ்டிக்கர் ஒட்டியவர் யோக்கியர்.