இடையிடையே ஓய்வு

திருச்செந்தூருக்குத் தெற்கே கடலோரத்தில் அமைந்த பழைய ஊர் குலசேகரன்பட்டினம். 2024ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள், அங்கே அமையும் நம் நாட்டின் இரண்டாவது இராக்கெட்டு ஏவுதளத்திற்கு அடிக்கல் நாட்டப்பெற்றது. இராக்கெட்டு ஏவுவோர்க்குக் கணிப்பொறி இன்றியமையாதது. இன்று மாணவர்க்கும் அஃது உற்ற துணையாகும். அத்துணையை அளவறிந்து பயன்படுத்தல் வேண்டும்.

அவ்வூர்க் கரையில் நின்று தொடுவானத்தை நோக்குங்கால், விழியினுள் உள்ள தசை தளர்ந்து ஓய்வு பெறுகிறது. கணிப்பொறித் திரையை அணுகி நோக்கும்பொழுதோ அது சுருங்கியே நிற்கிறது, இமைப்பதும் குறைகிறது. ஆதலின் கண் வறண்டு எரிகிறது. அசையாது அமர்ந்திருப்பதால் கழுத்தும் நோகின்றது.

20 நிமிடத்திற்கு ஒருமுறை, 20 அடிக்கு அப்பாலுள்ள பொருளை 20 விநாடி நோக்குக என்பர் கண் மருத்துவர். ஆயின், வேலையில் மூழ்கியவர்க்குக் காலம் போவது தெரிவதில்லை. அதனை நினைவூட்டவே 'வொர்க்ரேவ்' போன்ற மென்பொருள்கள் உள்ளன. நாம் குறித்த வேளையில் அவை திரையில் தோன்றி, ஓய்வு கொள்ளுமாறு அறிவிக்கும். அவ்வறிவிப்பை ஒரு நொடியில் விலக்கிவிடவும் நம்மால் இயலும். நினைவூட்டுதல் பொறியின் கடமை. எழுந்திருத்தல் நம் கடமை.

மாணவர்களே! இராக்கெட்டு எழுமுன் நேரத்தை இறங்குமுகமாக எண்ணுவர். அவ்வெண்ணிக்கையிலும் சில நிறுத்தங்களை முன்னரே வகுத்து வைப்பதுண்டு. அவை வீண்பொழுது அல்ல. பழுதின்றி மேலெழுவதற்கான ஏற்பாடே. நம் ஓய்வும் அத்தகையதன்றோ?